நடுக்கடலில் இரவு டைவ்: ஆழ்கடல் உயிர்களை நிஜமாகவே பார்க்க முடியுமா?

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சர்ட்டிஃபிகேட் இருக்கிறது, கரையோரப் பவளப்பாறைகளில் சில இரவு டைவ் முடித்தாயிற்று, இப்போது பிளாக்வாட்டர் (நடுக்கடலில், அடி தெரியாத ஆழத்தின் மேல் இரவில் செய்யும் டைவ்) படங்களைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது, “ஆழ்கடல் உயிர்கள் இரவில் மேலே வருமாமே, உண்மையா? போனால் ஆபத்தா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படத்தில் பார்த்தது எந்த அளவுக்கு ஆழ்கடல் என்பது ஒன்று. அடி தெரியாத தண்ணீரில் இருட்டில் மிதக்க நீங்கள் தயாரா என்பது இன்னொன்று. ஆபத்து எது என்பதற்கான பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது, சுறாவில் இல்லை. கடல் உயிரியல் படித்துவிட்டு டைவிங் சொல்லித்தருகிறவன் என்பதால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். மருத்துவம் என் துறை இல்லை, அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

முதலில் நடைமுறை. கீழே சில நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் வரை ஆழமுள்ள இடத்துக்குப் படகு போகும். பொழுது சாய்ந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு மிதவையில் கயிற்றைக் கட்டி இறக்குவார்கள். கயிறு 15 முதல் 20 மீட்டர் வரை போகும், சில இடங்களில் இன்னும் கொஞ்சம் நீளம். நுனியில் எடை, வழிநெடுக விளக்குகள். நங்கூரம் கிடையாது. கயிறு, படகு, நீங்கள், எதிரே மிதக்கும் லார்வா (கடல் உயிர்களின் குஞ்சுப் பருவம்) எல்லாமே ஒரே நீரோட்டத்தில் சேர்ந்து போகும். அதனால் ஓட்டம் பலமாக இருந்தால்கூட உங்களுக்குத் தண்ணீர் நிற்கிற மாதிரியே தெரியும். ஹவாயில் கோனா, ஃபிலிப்பைன்ஸில் அனிலாவோ, ஃபுளோரிடாவில் பாம் பீச் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். கோனாவில் எரிமலைச் சரிவு கரையிலிருந்தே செங்குத்தாக இறங்குகிறது. பாம் பீச்சில் வளைகுடா நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது. கொஞ்ச நேரப் படகுப் பயணத்திலேயே நடுக்கடல் தண்ணீர் கிடைத்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் தரையிலேயே பெரிய விளக்குகளை வைத்துச் செய்யும் டைவை ‘பான்ஃபயர்’ என்பார்கள். அது வேறு. அதையும் இதையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரவில் ஆழத்திலிருந்து உயிர்கள் மேலே வருகின்றனவா என்றால், வருகின்றன. இதில் சந்தேகமே இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி) சோதனை செய்தவர்களுக்குச் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் ஒலியைத் திருப்பியனுப்பும் ஒரு அடுக்கு தட்டுப்பட்டது. கடல் தரையோ அதற்கு வெகு கீழே. 1945-ல் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன் அந்த அடுக்கைத் தொடர்ந்து கவனித்தார். மாலையில் அது மேலே ஏறியது, விடியும்போது கீழே இறங்கியது. தரை ஏறி இறங்காது, எனவே அது உயிர்களின் கூட்டம் என்று தெரிந்தது. கோப்பிபாட், கிரில் என்ற இறால் இனத்துப் பொடி உயிர்கள், சின்ன இறால், கணவாய், விளக்கு மீன் என்று அந்தக் கூட்டம் தினமும் இரவில் மேலே வந்து சாப்பிட்டுவிட்டு, பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களுக்குத் தப்பி இருட்டுக்குள் போய்விடுகிறது. உயிர்ப்பொருளின் எடையை வைத்துப் பார்த்தால் உலகில் இதைவிடப் பெரிய இடப்பெயர்ச்சி எதுவும் இல்லை. அதுவும் தினசரி.

ஆனால் உங்கள் மனதில் இருக்கும் ‘ஆழ்கடல் உயிர்’ இந்தக் கூட்டத்தில் வருமா என்பதுதான் கேள்வி. தலையில் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டும் தூண்டில் மீனை நினைத்துக்கொண்டிருந்தால், ஏமாற்றம் நிச்சயம். முழு வளர்ச்சி அடைந்த தூண்டில் மீன் ஆயிரம் மீட்டர் கணக்கில் கீழேயே இருக்கும். அது தினமும் ஏறி இறங்குவதில்லை. ஆனால் அதன் குஞ்சு மேலே இருக்கிறது. ஆழ்கடல் மீன்களில் பலவற்றின் முட்டையும் லார்வாவும் வெளிச்சம் படும் மேல் 200 மீட்டருக்குள்தான் வளர்கின்றன, ஏனென்றால் அந்த வயதுக்கு ஏற்ற பொடி உணவு அங்கேதான் அடர்த்தியாகக் கிடைக்கிறது. தூண்டில் மீன் போன்றவை வளர்ந்து கீழே இறங்கினால் திரும்பி வராது. ஆகவே பிளாக்வாட்டரில் நீங்கள் பார்ப்பதில் ஒரு பகுதி அன்றைக்கு ராத்திரி மேலே ஏறி வந்தது, ஒரு பகுதி இன்னும் கீழே இறங்காத பிள்ளைப் பருவம், மீதி எப்போதுமே மேலே மிதந்து வாழ்வது. படங்களில் உங்களை வாய் பிளக்க வைத்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை என்பது என் அனுபவம்.

இந்தப் பிள்ளைப் பருவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மேல் தண்ணீரில் பிடிபட்ட, உடம்பைப் போலப் பல மடங்கு நீளமான நாடா வாலுடைய குட்டி மீன்களை ஒரு குடும்பமாக வைத்திருந்தார்கள். ஆழத்தில் கிடைத்த பெரிய மூக்கு மீன்கள் இன்னொரு குடும்பம். இன்னும் ஆழத்தில் கிடைத்த, பெரிய வாயுடைய வேல்ஃபிஷ் மூன்றாவது குடும்பம். பல பத்தாண்டுகள் இப்படியே பாடப்புத்தகத்தில் இருந்தது. 2009-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் மூன்றும் ஒன்றே என்று நிறுவினார்கள். நாடா வால்கள் லார்வா, பெரிய மூக்குகள் ஆண், வேல்ஃபிஷ்கள் பெண். ஆண் முதிர்ந்ததும் அதற்கு உணவுக்குழாயும் இரைப்பையும் இல்லாமல் போய்விடும். லார்வாவாக மேலே இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பு பெரிய ஈரலாகக் கூடவே வரும், மிச்ச வாழ்க்கை அதில்தான் ஓடும். விலாங்கு கதையும் இதே ரகம். இலை போலத் தட்டையாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் அதன் லார்வாவுக்கு 1856-ல் தனி இனமாகவே பெயர் வைத்தார்கள். அது விலாங்கின் குஞ்சு என்று இத்தாலியில் கிராஸியும் கலாந்த்ருச்சியோவும் காட்ட நாற்பது ஆண்டுகள் ஆயின. தண்ணீரில் அதைப் பார்த்தால் ஏன் குழம்பினார்கள் என்று புரியும். டார்ச்சை நேராக அடித்தால் இரண்டு கரும்புள்ளிக் கண்கள் மட்டும் தெரியும். பக்கவாட்டில் அடித்தால்தான் உடம்பின் விளிம்பும், உள்ளே அம்புக்குறி வரிசை போல மடிந்திருக்கும் தசையும் தெரியும்.

நாக்கு மீன் வகையறாக்களின் குஞ்சும் அடிக்கடி வரும். தலைக்கு இரு பக்கமும் கண்ணோடு பிறந்து, வளர வளர ஒரு கண் மறுபக்கத்துக்கு நகரும் மீன் அது. நகர்ந்துகொண்டிருக்கும் நிலையிலேயே, உச்சந்தலையில் கண்ணோடு, உங்கள் முன் ஒன்று மிதக்கலாம். கஸ்க் ஈல் என்ற, விலாங்கு போல நீண்ட மீன் வகையில் சில லார்வாக்களுக்குக் குடல் உடம்புக்கு வெளியே நூலாகத் தொங்கும். எப்போதும் மேலே வாழ்கிறவற்றில் என் விருப்பம் ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸும் போர்வை ஆக்டோபஸும். ஆர்கோனாட் சின்ன வயதில் ஜெல்லி மீனைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு சவாரி போகும். போர்வை ஆக்டோபஸில் பெண் இரண்டு மீட்டர் வரை போகும், ஆணோ இரண்டரை சென்டிமீட்டரைத் தொடாது. அந்த ஆண், போர்த்துகீசிய மேன் ஓ வார் என்ற, ஜெல்லி மீன் போன்ற மிதக்கும் உயிரின் கொட்டும் இழைகளைப் பிய்த்துத் தன் கைகளில் ஆயுதமாக வைத்துக்கொண்டு திரியும். தட்டையான கண்ணாடிச் சிலந்தி மாதிரி ஜெல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒன்றைப் பார்த்தால், அது சிங்கி இறாலின் லார்வா.

இதையெல்லாம் வலை போட்டுப் பிடித்துப் பார்க்கலாமே, இருட்டில் குதிப்பானேன் என்று தோன்றலாம். வலையில் சிக்கினால் சால்ப், சீப்பு ஜெல்லி, சைஃபனோஃபோர் போன்ற ஜெல்லி உடம்புள்ள உயிர்கள் எல்லாம் கூழாகிவிடும். மீன் லார்வாக்களின் நீண்ட இழைகள் முறிந்துவிடும். அதனால்தான் 1970-களில் வில்லியம் ஹாம்னர் போன்றவர்கள் நடுக்கடலில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, இந்த உயிர்களை அவற்றின் இடத்திலேயே பார்க்கும் முறையை வளர்த்தார்கள். பகல் டைவ் அது. இன்றைய பிளாக்வாட்டரின் கயிறும் ஒழுங்கும் அந்த வழியில் வந்தவை. 2021-ல் ஹவாயில் டைவர்கள் படம் எடுத்து, அதே லார்வாவைக் குப்பியில் பிடித்து, டிஎன்ஏ பார்த்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. படத்தில் இருக்கும் இழைகளும் நிறமும், ஆல்கஹாலில் இருக்கும் உடலும், மரபணுவும் ஒரே உயிரினுடையவை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். வெறும் படத்தை வைத்து ‘இது இன்ன இனம்’ என்று வலைத்தளங்களில் அடித்துச் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. குடும்பம் வரை சொல்லலாம், பல நேரம் அதற்கு மேல் போனால் ஊகம்தான்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். விளக்கைச் சுற்றி நீங்கள் பார்ப்பது இயல்பான நடத்தையா என்பது முதல் சந்தேகம். வெளிச்சத்துக்குப் பொடி உயிர்கள் கூடும், அதைத் தின்னக் கணவாய் வரும், கணவாய்க்குப் பெரிய மீன் வரும். உங்கள் டார்ச் ஒளிக்குள் மாட்டிக்கொண்ட லார்வாவைக் கணவாய் வந்து கொத்திக்கொண்டு போவது சாதாரணம். ஆகவே ‘இது இப்படித்தான் நடந்துகொள்ளும்’ என்று டைவர்கள் சொல்வதில் பாதியை விளக்கின் கணக்கில் எழுதலாம். இரண்டாவது நிலா. வெளிச்சமான இரவுகளில் ஏறி வரும் கூட்டம் பல கடல்களில் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது என்பது பதிவான விஷயம். அதனால் அமாவாசையை ஒட்டிப் போ என்பார்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் பௌர்ணமியில் போனால் ஒன்றுமே தெரியாது என்பது மிகை. பௌர்ணமி கழிந்து மூன்று நான்கு நாள் ஆனால் நிலா எழ நேரமாகும், முன்னிரவு முழு இருட்டாகவே கிடைக்கும். அமாவாசைத் தேதிகளில் படகில் இடம் கிடைக்காதவர்களுக்கு அது நல்ல மாற்று.

இனி இரண்டாவது கேள்வி. பவளப்பாறையில் இரவு டைவ் செய்யும்போது கீழே தரை இருக்கிறது. டார்ச்சை அடித்தால் ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பும், அதை வைத்து நீங்கள் ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று உடம்பு தானாகவே கணக்குப் போடும். நடுக்கடலில் டார்ச் எதிலும் படாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். ஒரு லார்வாவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதுவும் மெல்லக் கீழே போகும், நீங்களும் கூடவே போவீர்கள், இறங்குகிற உணர்வே இருக்காது. 15 மீட்டரில் அழுத்தம் 2.5 வளிமண்டலம். 30 மீட்டரில் 4. பிசிடியில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டை) இருந்த காற்று அதற்குள் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியிருக்கும், வெட்சூட்டும் நசுங்கியிருக்கும். அதாவது இறங்க இறங்க இறங்கும் வேகம் கூடும். அதே மூச்சுக்கு 1.6 மடங்கு காற்று செலவாகும். 30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் மயக்கமும் தலைகாட்டத் தொடங்கும், எதையும் பொருட்படுத்தாத ஒரு சந்தோஷம் வரும். ஓப்பன் வாட்டர் சர்ட்டிஃபிகேட்டின் எல்லை 18 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். கீழே உங்களைத் தடுத்து நிறுத்த எதுவுமே இல்லை.

ஆகவே டைவ் எண்ணிக்கையைக் காட்டி ‘போகலாமா’ என்று கேட்பதைவிட ஒரு சோதனை செய்து பாருங்கள். படகுக்காரர்கள் சில இடங்களில் 50 டைவ் கேட்பார்கள், சிலர் 100 கேட்பார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே விதி என்று எதுவும் இல்லை, என் பார்வையில் எண்ணிக்கை அரைகுறை அளவுகோல்தான். பகலில், கயிறைப் பிடிக்காமல், தரையைப் பார்க்காமல், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை (மேலே வரும் வழியில் ஒரே ஆழத்தில் காத்திருப்பதை) செய்யுங்கள். அந்த மூன்று நிமிடமும் கையில் ஒரு சின்னப் பொருளை வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் துணை டைவர் உங்கள் ஆழத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்காமல் இருந்தால், அதையே 12 மீட்டரில், இரவில் செய்யுங்கள். அதிலும் தேறினால் நீங்கள் தயார். தேறவில்லை என்றால் அவமானம் எதுவும் இல்லை, நான் பார்த்த அனுபவசாலிகளில் பலர் கேமராவைக் கையில் எடுத்ததும் இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

தண்ணீரில் இருக்கும்போது கயிற்றின் விளக்குகளில் குறைந்தது இரண்டு எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். இரண்டு தெரிந்தால்தான் எது மேல், எது கீழ் என்று தெரியும், ஒன்று மட்டும் தெரிந்தால் அது வெறும் புள்ளி. டைவ் கம்ப்யூட்டரில் ஆழ எச்சரிக்கையை 18-ல் வைத்துவிடுங்கள், ஒலியை நம்பாமல் நிமிடத்துக்கு ஒரு முறை திரையையும் பாருங்கள். தலை சுற்றினால் உங்கள் மூச்சுக் குமிழியைக் கவனியுங்கள், அது எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் மேல். கயிறு கண்ணில் படவில்லை என்றால் தேடி அலைய வேண்டாம். ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வந்துவிடுங்கள். மேலே வந்ததும் மிதவைக் குழாயை ஊதி, டார்ச்சை அதற்குள் அடித்தால் படகுக்கு ஒரு ஒளித்தூண் தெரியும். கோனா பக்கம் ஒவ்வொரு டைவரையும் தனிக் கயிற்றால் படகோடு இணைத்துவிடுகிறார்கள், அதனால் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போகவே முடியாது. மற்ற பல இடங்களில் அப்படி இல்லை. கயிறு சிக்கும், சுதந்திரம் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் முறை போகிறவருக்கு நான் தனிக் கயிறு உள்ள இடத்தைத்தான் சொல்வேன்.

உயிர்களால் வரும் ஆபத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரிய சுறா எட்டிப்பார்ப்பதுண்டு, பெரும்பாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். அது போகாமல் நெருங்கி வந்தால் டைவை முடித்துக்கொள்வதுதான் முறை. பகலில் மிக ஆழத்தில் இருந்து இரவில் மேலே வரும், அரை மீட்டர் நீளக் குக்கீகட்டர் சுறா 2009-ல் ஹவாய்த் தீவுகளுக்கு இடையே இரவில் நீந்திக்கொண்டிருந்த ஒருவரின் காலில் வட்டமாகச் சதையை எடுத்தது. உயிரோடு இருக்கும் ஒருவரை அது கடித்ததாகச் சரியாகப் பதிவான முதல் நிகழ்வு அது, அவ்வளவு அரிது. உண்மையான தொல்லை கொட்டுகிறவைதான். சைஃபனோஃபோர் இழை கண்ணுக்கே தெரியாது, முகத்தில் பட்டால் தெரியும். முழு வெட்சூட், தலை உறை, கையுறை மூன்றும் கட்டாயம். பெட்டி ஜெல்லி என்ற ஜெல்லி மீன் வகை கொட்டினால் வினிகர் ஊற்ற வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து உண்டு, மேன் ஓ வாருக்கு வினிகர் சரியா என்பதில் வழிகாட்டு நூல்களே ஒத்துப்போவதில்லை. படகில் முதலுதவிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். வெளிச்சத்துக்குப் பொடிப் புழுக்கள் மொய்த்துக் காதுப் பக்கம் வருவதும் உண்டு. தலை உறை காதை மூடியிருந்தால் கவலை இல்லை, டார்ச்சை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் பாதி போய்விடும்.

எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெறும் இருட்டைப் பார்த்தால் கண் தானாகவே கைக்கெட்டும் தூரத்தில் எங்கோ நிலைத்துவிடும், எதிரே இருப்பது கலங்கலாகப் போகும். அவ்வப்போது உங்கள் கையுறையைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பாருங்கள். குறுகிய ஒளிக்கற்றையை மெதுவாக நகர்த்துங்கள், அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரம்தான் உங்கள் தேடும் எல்லை. நீங்கள் தேடுவது விரல் நகம் அளவு. படத்தில் அது கடல் அரக்கன் மாதிரி தெரிந்திருக்கும், மேக்ரோ லென்ஸின் வேலை அது. சீப்பு ஜெல்லியின் மேல் வானவில் ஓடுவதைப் பார்த்து ‘ஒளிர்கிறது’ என்பார்கள். அது உங்கள் டார்ச் வெளிச்சம் சீப்பு வரிசைகளில் சிதறுவது. சொந்த ஒளியைப் பார்க்க வேண்டும் என்றால், கயிற்றுக்குப் பக்கத்தில் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, டார்ச்சை மார்போடு மறைத்துக் கையை அசைத்துப் பாருங்கள். கண்டதை எல்லாம் தொட வேண்டாம், ஃபின் வீச்சில் எழும் சுழலே போதும், அந்த இழைகள் பிய்ந்துவிட. ஒரே உயிரை நிமிடக்கணக்கில் வெளிச்சத்தில் பிடித்துவைக்கவும் வேண்டாம், கணவாய் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் இரண்டு டைவுக்குக் கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய, இருந்தாலும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. காது அடைப்பு, காதில் பழைய அறுவைச் சிகிச்சை, வாந்திக்கான மாத்திரை இவற்றைப் பற்றிய கேள்விகளை டைவிங் தெரிந்த டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் தரும், தண்ணீருக்குள் அது வேண்டாத வேலை. முன்பதிவு செய்வதற்கு முன் படகுக்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: டைவ் நேரத்தில் இன்ஜின் நிற்குமா, படகில் ஒருவர் முழு நேரமும் விளக்குகளை எண்ணிக்கொண்டு இருப்பாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர், கயிறு எத்தனை மீட்டர். ஆக்ஸிஜன் படகிலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள், கேட்காதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம், ஒண்ணும் ஆகாது” என்று பதில் வந்தால் அந்தப் படகு வேண்டாம், அடுத்த அமாவாசைக்கு வேறு படகு பார்த்துக்கொள்ளலாம்.